மாவு மில் இருக்கலாம், மணி இருக்கக் கூடாதா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆணி அதிகம். இப்பவும் வந்திருக்க மாட்டேன். போன ஞாயித்துக்கிழமை எங்க காலனி சங்கக் கூட்டத்துல நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாம இருக்க முடியலை. கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க மக்களே.

விஷயம் இதுதான். இந்த தில்லியில எங்க தெருவுல, எங்க வீட்டுலேர்ந்து நாலாவது வீடு. தரைத்தளத்துல ஒரு பஞ்சாபி ஆன்ட்டி நாய் காப்பகம் நடத்தறாங்க. ஆபீஸ் போறவங்க காலைல விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டுப் போவாங்க. ஊருக்குப் போறவங்க நாலு நாள், பத்து நாள்னு விட்டுட்டுப் போவாங்க. மூணு வருஷத்துக்கு மேல நடக்குது. போன மாசம் யாரோ புகார் எழுதிப் போட்டுட்டாங்க. குடியிருப்பு இடத்துல வியாபாரம் நடக்குதுன்னு நோட்டீஸ் வந்துச்சு. ஆன்ட்டி முறையா அனுமதி கேட்டு மனு போட்டாங்க. சங்கத்துக்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்கன்னு ஆபீஸ்ல சொல்லி அனுப்பிட்டாங்க.

சங்கம் கூடுச்சு. 31 பேர் வந்திருந்தோம். வேண்டாம்னு 22 கை. இருக்கட்டும்னு 6 கை. மூணு பேர் கையையே தூக்கலை. அந்த மூணு பேர்ல ஒருத்தன் நான்.

இந்தப் பதிவோட கோபத்துல பாதி என் மேலதான்.

எங்க வீட்டு மணியைப் பத்தி முன்னாடியே எழுதியிருக்கேன். 2020 லாக்டவுன்ல கேட்டுப் பக்கத்துல குட்டியா நடுங்கிட்டு நின்னவன். ஜாதி கேட்டா தெருநாய்தான். நான் ஆன்ட்டி வீட்டுக்கு முதல் தடவை போனது 2023 பிப்ரவரியில. ராத்திரி 11 மணிக்கு கோவில்பட்டியிலேர்ந்து அம்மா போன். "ஏய்யா, அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டாக, பேச்சு வரலை." காலைல முதல் ஃப்ளைட்டுக்கு டிக்கெட் போட்டாச்சு, எனக்கும் தங்கமணிக்கும் பையனுக்கும். மணியை என்ன பண்றது? பக்கத்து வீட்டுக்காரர் வெளியூர். ஆபீஸ் நண்பன் குருகிராம்ல இருக்கான், அவன் வீட்டு ஓனர் நாயைப் பார்த்தா காலி பண்ணச் சொல்லிடுவார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டினேன். நைட்டியோட வந்து கயிறை வாங்கிக்கிட்டு, தடுப்பூசிப் புத்தகம் எங்கேன்னு முதல்ல கேட்டாங்க. அப்புறம்தான் அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. 19 நாள் இருந்தான். தினமும் ஒரு போட்டோ வந்துச்சு. திரும்பி வந்ததும் 19 நாளுக்கும் பில் வந்துச்சு. ஒரு ரூபா தள்ளுபடி கிடையாது.

எனக்கு அதுதான் பிடிச்சுது. உபகாரம்னா அடுத்த தடவை கேக்கக் கூச்சமா இருக்கும். தொழில்னா கூச்சமில்லாம கதவைத் தட்டலாம்.

ஊர்ல இருக்கறவங்களுக்கு இது புரியாது. அங்கே சித்தப்பா வீடு இருக்கு, எதிர்த்த வீட்டு அக்கா இருக்காங்க, ஒண்ணுமில்லைன்னா கொல்லைல கட்டிப் போட்டுட்டு பால்காரர்கிட்ட சொல்லிட்டுப் போயிடலாம். தில்லில பில்டர் ஃப்ளோர்ல மூணாவது மாடில இருக்கறவனுக்கு யார் இருக்கா? கூடவே கூட்டிட்டுப் போலாமேன்னு அம்மா கேப்பாங்க. ரயில்வே விதிப்படி நாயோட போகணும்னா முதல் வகுப்புல கூப்பே முழுசா நம்ம பேர்ல கிடைக்கணும். இல்லேன்னா பார்சல் வண்டியில இருக்கற நாய்ப்பெட்டி. திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல கோவில்பட்டி போய்ச் சேர ரெண்டு ராத்திரி ஆகும். மே மாசம், நாக்பூர் வெயில்ல, இரும்புப் பெட்டிக்குள்ள ஒரு ஜீவனை வெச்சுக் கூட்டிட்டுப் போக எனக்கு மனசு வரலை. ஆக, நம்மள மாதிரி ஊர் விட்டு ஊர் வந்தவங்களுக்கு நாய் காப்பகம்கிறது பணக்காரன் பொழுதுபோக்கு இல்லை. அப்பா விழுந்தா ஓடிப் போய்ப் பார்க்கறதுக்கான ஏற்பாடு.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

தில்லிக்கு மாஸ்டர் பிளான் 2021னு ஒண்ணு. 2007 பிப்ரவரியில அறிவிச்சாங்க. அதுல 15-ஆவது அத்தியாயம் முழுக்க, குடியிருப்பு இடத்துல வேற என்னென்ன பண்ணலாம்னுதான். கூட்டத்துக்குப் போயிட்டு வந்த ராத்திரி உக்காந்து படிச்சேன். (கூட்டத்துக்கு முன்னாடி படிச்சிருக்கணும். சரி விடுங்க.) வீட்டுத் தரைத்தளத்துல 20 சதுர மீட்டருக்குள்ள, அதாவது 215 சதுர அடிக்குள்ள, சின்னக் கடை வெச்சுக்கலாம்னு ஒரு பட்டியல் இருக்கு. பெரிய மனுஷங்க இருக்கற ஏ, பி வகை காலனிலயும் இதுக்கு இடம் உண்டு. காய்கறி, பேக்கரி, மளிகை, சலூன், லாண்ட்ரி, டெய்லர், பான் கடை. கோழி, மீன் கடையும் உண்டு. ஆட்டா சக்கி, அதாவது நம்ம மாவு மில், உண்டு. எஸ்.டி.டி. பூத் உண்டு. பேக்ஸ் அனுப்பற கடை உண்டு. சைபர் கஃபேயும் உண்டு.

இன்னொரு பட்டியல்ல பெரிய சமாச்சாரமெல்லாம் வருது. நர்சரி ஸ்கூல், குழந்தைகள் காப்பகம், நர்சிங் ஹோம், கெஸ்ட் ஹவுஸ், பேங்க், ஜிம், கோச்சிங் சென்டர். தெரு அகலம், மனை அளவு, காலனி வகை எல்லாம் பார்த்து நிபந்தனையோட அனுமதி. அதே பிளான்ல 1 லட்சம் மக்களுக்கு ஒண்ணுன்னு செல்லப்பிராணி டிஸ்பென்சரிக்கு 300 சதுர மீட்டர் ஒதுக்கச் சொல்லியிருக்கு. அப்ப நாய்னு ஒரு பிராணி இந்த ஊர்ல இருக்குங்கறது பிளான் போட்டவங்களுக்குத் தெரியும். அதுக்கு ஜுரம் வரும்னு தெரியும். அதோட சொந்தக்காரன் ஊருக்குப் போவான்னுதான் தோணலை.

2007-ல அப்படி ஒரு தொழில் பெருசா கிடையாது, அதனால பட்டியல்ல வரலை. யாரும் வேணும்னு விட்டதில்லை. ஆனா நம்ம ஊர் நிர்வாகத்துல பட்டியல்ல பேர் இல்லைன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். இல்லைன்னும் சொல்ல மாட்டாங்க, ஆமான்னும் சொல்ல மாட்டாங்க. போய் இன்னொரு கடிதம் வாங்கிட்டு வாங்கம்பாங்க. பேக்ஸ் மெஷினை யாரும் கண்ணால பார்த்துப் பத்து வருஷம் ஆகுது, அதுக்கு இடம் இருக்கு. தெருவுல மூணு வீட்டுக்கு ஒரு நாய் இருக்கு, அதுக்கு ஒரு வரி இல்லை.

எதிர்ப்புத் தரப்பையும் சொல்லிடறேன். எல்லாரும் வில்லன் இல்லை. ஆன்ட்டிக்கு எதிர்வீட்டு சர்தார்ஜி தாத்தாவுக்கு 80 வயசு, பைபாஸ் ஆனவர். போன தீபாவளிக்கு ஆன்ட்டி பேராசைப்பட்டாங்க. வழக்கமா 6 நாய் இருக்கற இடத்துல 14 நாயைச் சேர்த்துட்டாங்க. வெடிச் சத்தத்துல 14-ம் சேர்ந்து ராத்திரி 2 மணி வரைக்கும் குலைச்சுது. அடுத்த ராத்திரியும் அதே கதை. தாத்தா அன்னிக்கு தூங்கலை. அவர் கூட்டத்துல எழுந்து, "என் தூக்கத்துக்கு என்ன பதில்"னு ஒரே ஒரு கேள்வி கேட்டார். கூட்டத்துல கேட்ட கேள்விகள்லயே அது ஒண்ணுதான் கேள்வி. ஆன்ட்டி பதில் சொல்லாம என் பொழைப்பு போயிடும்னு அழுதாங்க. நான் கை தூக்காததுக்கு அந்தத் தாத்தாவும் ஒரு காரணம்.

மத்ததெல்லாம்? ஒருத்தர், காலனி மதிப்பு குறையும், மனை விலை இறங்கும்னார். அவர் வீட்டு ஸ்டில்ட்டுல கார் நிறுத்தற இடத்துல அவர் மருமகன் கார்மென்ட் சாம்பிள் வெச்சு யாவாரம் பண்றான். இன்னொருத்தர், சுப்ரீம் கோர்ட்டே நாயையெல்லாம் அப்புறப்படுத்தச் சொல்லிடுச்சேன்னார். 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி வந்த உத்தரவு அது. அது தெருநாய்களைப் பத்தினது, அதையும் ஆகஸ்ட் 22-ஆம் தேதியே மூணு நீதிபதி பெஞ்ச் மாத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு பிடிச்ச இடத்துலயே விடச் சொல்லிடுச்சு, வெறி பிடிச்சதையும் ஆக்ரோஷமானதையும் தவிர. வீட்டு நாய்க்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனா அந்த ஆகஸ்ட்லேர்ந்து எங்க காலனில நாய்ங்கற சொல்லைக் கேட்டாலே ஒரு முறைப்பு வந்துடுச்சு. எல்லா நாயும் ஒரே நாய், எல்லா நாய்க்காரனும் ஒரே ஆள்.

நம்ம பக்கத்துலயும் ஒரு குழப்பம் இருக்கு, அதையும் சொல்லணும். ஆதரவா பேசின ஒரு பையன், விலங்கு நல வாரியம் 2015-லயே சொல்லிடுச்சு, சங்கம் நாயைத் தடுக்கவே முடியாதுன்னு கத்தினான். வாரியம் சொன்னது நம்ம வீட்டுல நம்ம நாயை வளர்க்கறதைப் பத்தி. அதை பெரும்பான்மை ஓட்டுப் போட்டும் தடுக்க முடியாதுங்கறது சரிதான். ஆனா ஊரார் நாயைக் காசு வாங்கிட்டு வெச்சுக்கறது தொழில். தொழில்னா எந்த இடம், எத்தனை, எப்படின்னு கேக்க அக்கம்பக்கத்துக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை நான் மறுக்கலை. கேள்வியைத்தான் தப்பா கேக்கறாங்கங்கறேன்.

சத்தத்தையே எடுத்துக்கங்க. 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதில பகல்ல 55 டெசிபெல், ராத்திரி 10-லேர்ந்து காலை 6 வரைக்கும் 45. எங்க தெருமுனை மாவு மில் பகல் முழுக்க ஓடுது. அதைத் தாண்டி நடக்கும்போது தங்கமணி பேசறது எனக்குக் கேக்காது. (அது வசதின்னு நான் சொல்லலை.) அதுக்கு எவனும் கூட்டம் போடலை. மாவு மில் பட்டியல்ல இருக்கு, அவ்வளவுதான். அதே சமயம் அந்த 45-ஐ மட்டும் காட்டி ஆன்ட்டி தப்பிக்கவும் கூடாது. அந்த அளவு ஒரு நேரம் முழுக்க எடுக்கற சராசரி. ராத்திரி 2 மணிக்கு ஒரு நாய் பத்து செகண்ட் குலைச்சா சராசரில அது தெரியவே தெரியாது, தாத்தாவுக்கு மட்டும் தெரியும். அதனால டெசிபெல் மீட்டரை வெச்சு இதைத் தீர்க்க முடியாது. எத்தனை நாய், ராத்திரி எங்கே தூங்குது, யார் கூட இருக்காங்கன்னு பார்த்தாத்தான் தீரும். பெரும்பாலும் புது இடத்துல தனியா விட்ட நாய்தான் குலைக்கும். ஆள் கூட படுத்தா தூங்கிடும். மணியைப் பார்த்தே சொல்றேன்.

இப்ப அனுமதி கொடுக்காம மூடிட்டா என்ன ஆகும்? நாய் மறைஞ்சிடுமா? ஒண்ணு, வேற ஒருத்தர் மூணாவது மாடில ஜன்னலைச் சாத்திட்டு, போர்டு இல்லாம, வாட்ஸப்ல மட்டும் நடத்துவார். அங்கே தடுப்பூசிப் புத்தகத்தை யாரும் கேக்க மாட்டாங்க. ஒரு நாய்க்கு பார்வோ வந்தா எல்லாத்துக்கும் வரும், உண்ணிக் காய்ச்சலும் அப்படித்தான், உண்ணி ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவும். இல்லேன்னா எல்லாரும் ஊருக்கு வெளில பண்ணை வீடு பக்கம் போகணும். போக ஒண்ணரை மணி நேரம், வர ஒண்ணரை மணி நேரம். அங்கே சுத்தி மதில்சுவர். ராத்திரி நாய் அலறினா கேக்க ஒரு தாத்தா கிடையாது. எனக்கு அந்தத் தாத்தா வேணும். எதிர்வீட்டுல ஒருத்தர் காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்கறதுதான் ஒரு காப்பகத்துக்கு நல்ல பாதுகாப்பு. எந்த இன்ஸ்பெக்டரும் தினமும் வர மாட்டான், தாத்தா தினமும் பால்கனில இருப்பார்.

நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒரு பழைய கணக்கும் இருக்கு. நான் 2004-ல தில்லி வந்தேன். கரோல் பாக்ல ஒரு மாமி வீட்டு முன்ரூம்ல மெஸ் நடத்தினாங்க. வத்தக்குழம்பு, அப்பளம், ரசம். லைசென்ஸாவது ஒண்ணாவது! எங்க ரூம்ல இருந்த நாலு பேரும் அங்கேதான் உயிர் வாழ்ந்தோம். 2006 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்து, மார்ச் கடைசியிலேர்ந்து சீல் வைக்க ஆரம்பிச்சாங்க. குடியிருப்புல நடந்த கடைங்க வரிசையா மூடுச்சு. செப்டம்பர்ல சீலம்பூர்ல கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். மாமி வீட்டுக்கு யாரும் சீல் வைக்க வரலை. ஆனா பயந்துட்டு அவங்களே நிறுத்திட்டாங்க. மெஸ் நின்ன அன்னிக்கு நாங்க நாலு பேரும் பிரெட்டை வாங்கிட்டு வந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அந்த அடிதடிக்கு அப்புறம்தான் 2007-ல இந்த நீளமான பட்டியலே வந்துச்சு. எவனும் ஆசைப்பட்டு சலூனையும் டெய்லரையும் எழுதி வைக்கலை. கத்தினவன் தொழில் பட்டியல்ல ஏறுச்சு, கத்தாதவன் தொழில் ஏறலை.

இப்பவும் பாருங்க. நம்ம காலனிகள்ல இட்லி மாவு அரைச்சு கிலோ கணக்குல விக்கற வீடு எத்தனை? பாட்டு கிளாஸ், பரதநாட்டிய கிளாஸ், பத்தாங்கிளாஸ் கணக்கு டியூஷன்? சனிக்கிழமை காலைல 12 குழந்தைங்க சேர்ந்து சரளி வரிசை பாடறது 55 டெசிபெல்லுக்குள்ளயா அடங்குது? அதையெல்லாம் அக்கம்பக்கம் பொறுத்துக்குது. ஏன்னா மாவு வாங்கறவங்கள்ல அவங்களும் உண்டு. நாளைக்கு ஒருத்தனுக்கு நம்மளைப் பிடிக்காம போச்சுன்னா, ஆன்ட்டிக்கு வந்த அதே நோட்டீஸ் மாமிக்கும் வரும். அப்ப யார் கை தூக்குவா? நான் தூக்காம உக்காந்திருந்த மாதிரி அவங்களும் உக்காந்திருப்பாங்க.

கூட்டம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். தங்கமணி குக்கரை இறக்கி வெச்சுட்டு, "ஏங்க, அந்த ராத்திரி அவங்க கதவைத் திறக்காம, நமக்கெதுக்கு வம்புன்னு படுத்திருந்தா உங்கப்பாவைக் கடைசியா பேச்சோட பார்த்திருப்பீங்களா?"ன்னு கேட்டா. அப்பாவுக்கு நாலாவது நாள்தான் பேச்சு வந்துச்சு. பதினேழாவது நாள் போயிட்டார். நான் பதில் சொல்லலை.

வெளியூர்ல இருக்கோம், வம்பு வேண்டாம், வாடகைக்கு வந்தவன் மாதிரி இருந்துட்டுப் போயிடுவோம்னு ஒரு புத்தி நமக்கு. சொந்தமா வீடு வாங்கி 14 வருஷம் ஆச்சு எனக்கு. சந்தா கட்டறேன். ஹோலிக்குக் கலர் பூசிக்கறேன். ஓட்டுன்னு வந்தா மட்டும் நான் மதராஸி, எனக்கு ஹிந்தி சரியா வராதுன்னு ஒரு சாக்கு.

ஆதரவா இருந்த 6 பேரும் எழுத்துல கேட்டதால வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி கூட்டம். இந்தத் தடவை இருக்கட்டுமா வேண்டாமான்னு ஓட்டு கேக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டோம். ஒரு வீட்டுத் தொழிலுக்கு ஆமா, இல்லைன்னு கை தூக்கச் சொன்னா முகத்தைப் பார்த்துத்தான் கை எழும்பும். நிபந்தனையோட ஒரு கடிதம் எழுதியிருக்கோம். பகல்ல 8 நாய்க்கு மேல கூடாது, ராத்திரி 5-க்கு மேல கூடாது, தீபாவளிக்கும் அதே கணக்குதான். கார்ப்பரேஷன்ல பதிவு பண்ணாத, ரேபிஸ் ஊசி போடாத நாயைச் சேர்க்கக் கூடாது. வீட்டு நாய்க்கு அந்தப் பதிவு தில்லியில எப்பவோ கட்டாயம், பாதிப் பேர் பண்றதில்லைங்கறது வேற விஷயம். ராத்திரி ஆன்ட்டியோ வேலைக்காரப் பெண்ணோ அதே ரூம்ல படுக்கணும். அந்த ரூமும் தெருப் பக்கம் இல்லாம பின்பக்கம் இருக்கணும். நாலு நாயைச் சேர்த்து ஒரே ஆள் பூங்காவுக்கு இழுத்துட்டுப் போகக் கூடாது. கழிவை அள்ளி எடுக்கணும். தாத்தா கையில ஆன்ட்டியோட போன் நம்பர் இருக்கணும். ஒரு மாசத்துல மூணு தடவை அவர் கூப்பிட வேண்டி வந்தா அடுத்த மாசம் ராத்திரித் தங்கல் கிடையாது. இதெல்லாம் ஆறு மாசத்துக்கு. அப்புறம் மறுபடி பேசலாம்.

ஆன்ட்டிக்கு 5-ங்கற எண் பிடிக்கலை. கட்டுப்படியாகாதுங்கறாங்க. 14-ஐச் சேர்த்தப்ப யோசிச்சிருக்கணும்னு நானும் கொஞ்சம் கடுமையாவே சொல்லிட்டேன். முறைச்சாங்க, அப்புறம் கையெழுத்துப் போட்டாங்க. மேல இருக்கறவங்களுக்கும் தனியா ஒரு மனு, அந்தப் பட்டியல்ல குழந்தைகள் காப்பகத்துக்கு அடுத்த வரியில இதையும் சேர்த்து, எண்ணிக்கையும் தெரு அகலமும் போட்டுடுங்கன்னு. அதுக்கு எப்ப பதில் வருமோ, அந்தக் கவலை இப்ப இல்லை.

கடிதத்தை ஹிந்தில நானே எழுதினேன். பக்கத்து வீட்டுப் பையன் படிச்சுட்டு, "அங்கிள், நாயை முழுக்க பெண்பாலா எழுதியிருக்கீங்க"ன்னு சிரிச்சான். திருத்தியாச்சு. நேத்து ராத்திரி எடுத்துக்கிட்டு தாத்தா வீட்டுக்குப் போனேன். கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படிச்சார். போன் நம்பர்ங்கற இடத்துல விரலை வெச்சு, இது வேலை செய்யுமான்னு கேட்டார். அங்கேயே கூப்பிட்டுக் காட்டினேன், ஆன்ட்டி எடுத்தாங்க. யோசிச்சு ஞாயித்துக்கிழமை சொல்றேன்னு கடிதத்தை மடிச்சு தலையணைக்குக் கீழ வெச்சுக்கிட்டார்.

இதுவரைக்கும் 11 கையெழுத்து. 16 வேணும். கூட்டம் காலை 11 மணிக்கு.